நாணு வாசித்த கொலை

கமலாக்ஷியிடம் பொய் சொல்லிப் பிழைத்துப் போன கப்பல் கேப்டன் கொச்சித் துறைமுகத்தில் அதுவரை பிறக்கவில்லை. சரக்குக்கு இன்சூரன்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில், நஷ்டஈட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. மூட்டை நனைந்தது, பெட்டி உடைந்தது, கடல் கொண்டு போயிற்று என்று வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, வாய் வலிக்கும்வரை பேசவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். பாதிப் பேருக்கு அப்போதுதான் தாகம் எடுக்கும். புதிதாகச் சேரும் குமாஸ்தாக்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் இது: "மூணு பேர் மூணு விதமா சொன்னா பயப்படாதேங்கோ, அதுல எங்கேயாவது நெஜம் இருக்கும். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா, மூணு பேரும் ஒரே கடையிலே சாயா குடிச்சிருக்கான்னு அர்த்தம்."

இப்படிப்பட்டவள், சொந்த அப்பாவை யாரோ கொன்ற விஷயத்தில் மட்டும் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாடத்தை மறந்திருந்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்பா வெங்கடேஸ்வரன் மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகர். பஜார் ரோட்டில் வெங்கிட்டு சாமி என்றால்தான் தெரியும். எழுபத்திரண்டாம் வருஷம், மிதுன மாசத்து மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மிளகுக் குடோனுக்குள் மூட்டைகளுக்கு நடுவே மண்டை உடைந்து கிடந்தார். மடியில் இருந்ததும் விரலில் இருந்ததும் அப்படியே இருந்தன. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

குடோனிலிருந்து ஒருவன் ஓடியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பக்கத்துக் களத்தில் சுக்கு பொறுக்கும் பேச்சியம்மாள், ஓடியவன் தலையில் சிவப்புத் துண்டு இருந்தது என்றாள். அடுத்த சந்து முனையில் நின்ற, மூட்டை அடுக்கும் முப்பிடாதியும் சிவப்புத் துண்டு என்றான். அந்த பஜாரில் சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் வெள்ளைத் தோர்த்துத் துண்டுதான் கட்டுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்லதுரை ஒருவன்தான் சிவப்பு கட்டுவான். அவன் வேலை செய்ததும் அதே குடோனில்தான். அப்புறம் என்ன, பிடித்துப் போட்டுவிட்டார்கள். எதிரே சாயாக்கடை வைத்திருந்த முகமது இஸ்மாயில் மட்டும், "சாக்கைத் தலையில கவிழ்த்துக்கிட்டு ஒருத்தன் ஓடினான், முகம் தெரியல, துண்டும் தெரியல" என்று கடைசிவரை ஒரே பிடியாக நின்றார். அந்த ஒருவர் பேச்சால் கேஸ் கோர்ட் வாசலையே மிதிக்கவில்லை. போலீஸ் செல்லதுரையை அடித்து நொறுக்கி வெளியே விட்டது.

போலீஸ் விட்டால் பஜார் விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எந்தக் குடோனும் அவனுக்கு மூட்டை தரவில்லை. எதிர்க்கரையில் வைப்பின் தீவுக்குக் குடிபோனான். அங்கிருந்து தினமும் போட்டில் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கோட்டைக் கொச்சி ஜெட்டியில் விற்றான். பஜார் ரோட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இங்கே கமலாக்ஷியின் அம்மா சீதாலக்ஷ்மி தினமும் விளக்கேற்றி, ஸ்லோகம் முடித்து, கூடவே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வாள்: "அந்தச் செல்லதுரை கை அழுகணும்." பகவதிக்கே அது மனப்பாடமாகியிருக்கும்.

எண்பத்து நான்கில் புது இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். துப்புத் துலங்காத பழைய கேஸ்களைத் தூசி தட்டுவதில் அவருக்கு ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு சாட்சியும் இப்பவும் உறச்சு நிக்குது மேடம். இஸ்மாயில் ஒருத்தன்தான் முடக்கு. குடும்பத்திலேர்ந்து ஒரு பெட்டிஷன் கிட்டினா போதும், செல்லதுரையை உள்ளே தூக்கி வைக்கிறது என் ஜோலி. இந்தத் தடவை வெளியே வரமாட்டான்."

சீதாலக்ஷ்மி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடு கமலா. அவன் ஜெயிலுக்குப் போறதைப் பார்த்துட்டா எனக்குப் போறும். அப்புறம் என்னைக்கு வேணும்னாலும் போய்ச்சேர நான் தயார்."

கமலாக்ஷி அன்றைக்கே பெட்டிஷன் எழுதினாள். கையெழுத்துதான் பாக்கி. சாட்சிகளை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அவள் தொழிலில் பாவம். அதனால் மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். கேஸில் ஓட்டை பார்க்க அவள் போகவில்லை. இருக்கிற முடிச்சை இன்னும் இறுக்கத்தான் போனாள். செல்லதுரைதான் செய்தான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

பேச்சியம்மாள் அதே களத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். வெங்கிட்டு சாமி மகள் என்றதும் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணீர் விட்டாள்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் பாப்பா. கொட்டற மழையில அந்தச் சந்துல ஓடினான். தலையில செவப்புத் துண்டு. வாய் கட்டின காளை மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடினான்."

சத்தியம் செய்கிற முகம். பொய்யின் சாயல் மருந்துக்கும் இல்லை. கமலாக்ஷிக்கு மனசு நிறைந்துவிட்டது.

முப்பிடாதியை அடுத்த சந்தில், லாரிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவன் தலைத் தோர்த்தை அவிழ்த்து மரியாதையாகக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "செல்லதுரை என் ஊர்ப்பக்கத்து ஆளுதான் அம்மா. அதுக்காகக் கண்டதைக் காணலன்னு சொல்ல முடியுமா? தலையில செவப்புத் துண்டு. வாய் கட்டின காளை மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடினான்."

கமலாக்ஷிக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஆபீஸாக இருந்தால் அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைத்திருப்பாள். இங்கே வைக்கவில்லை. ஒரே ஆளைப் பார்த்தவர்கள் ஒரே மாதிரிதானே சொல்வார்கள் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக இஸ்மாயில் கடை. அவருக்குத் தாடி நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. சாயாவை ஆற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இஸ்மாயில்க்கா, நீங்க செல்லதுரைக்குக் கூட்டுக்காரர், சிநேகிதம். அதனால மறைச்சேள்னு அம்மா சொல்றா. நானும் அப்படித்தான் நெனைக்கறேன்."

"கூட்டுக்காரன்தான் மோளே. ஓடினது அவனா இருந்தா அவன்தான்னு சொல்லிட்டு உட்கார்ந்து அழுதிருப்பேன்." இஸ்மாயில் கோபப்படவில்லை. "அன்னிக்கு மழை எப்படிப் பெஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா? இந்தச் சந்துல ரெண்டு பக்கமும் தகரக் கூரை. என் அடுப்புல பால் பொங்கினது கூட எனக்குக் கேக்கல. அந்த மழையில துண்டை மட்டும் தலையில போட்டுக்கிட்டு எவன் போவான்? சாக்கைக் கவிழ்த்துக்கிட்டுத்தான் போவான். சாக்குக்குக் கீழே சிவப்புத் துண்டு இருந்துச்சா, வெள்ளைத் துண்டு இருந்துச்சா, படைச்சவனுக்குத்தான் தெரியும்."

பால் பொங்கினதே கேட்கவில்லை. கமலாக்ஷி சாயாவை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். இஸ்மாயில் கடை வாசலில் ஓடியவன் மூச்சு இஸ்மாயிலுக்குக் கேட்கவில்லை. அதைவிடத் தள்ளி, தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு எப்படிக் கேட்டது? அடுத்த சந்தில் நின்ற முப்பிடாதிக்கு எப்படிக் கேட்டது? சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்வி கையில் கிடைத்துவிட்டது.

களத்துக்குத் திரும்பினபோது நாணு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

சுக்குக் களத்தில் அது ஒரு வழக்கம். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று, ஒருவரைப் பேப்பர் வாசிக்க உட்கார்த்திவிடுவார்கள். அவர் பங்குச் சுக்கை மற்றவர்கள் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். நாணு மலையாளி. பொறுக்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். அதனால் மலையாளப் பேப்பரை அவர் வாசிக்க வாசிக்கத் தமிழாக்கிக் கொடுப்பார். மழை என்றால் வேலையில்லாத, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் வந்து ஓரமாகக் குந்திக்கொள்வார்கள். கவிழ்த்த பெட்டியின் மேல் சம்மணம் போட்டு, மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, அன்றைக்கு வைட்டிலாவில் ஒருத்தி கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய திருடனை நாணு துரத்திக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு ஐயோன்னு விளிச்சா. ஆரு கேக்கான்? அதுக்குள்ளே கள்ளன் ஜங்ஷனைத் தாண்டிட்டான். எப்படி ஓடினான்? தலையில ஒரு செவப்புத் துண்டு! வாய் கட்டின காளை மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு ஒரே ஓட்டம்!"

"நாசமாப் போறவன்" என்றாள் பேச்சியம்மாள், சுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கமலாக்ஷி வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் நேராக உள்ளே போய், நாணு கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததே மலையாளம்தான். திருடன் தப்பி ஓடிவிட்டான் என்று ஒரே வரி இருந்தது.

"நாணு சேட்டா, இதுல துண்டும் இல்லே, காளையும் இல்லையே?"

நாணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தா மோளே, பேப்பர்க்காரன் எலும்பு தர்றான். கறி நாமதானே வைக்கணும்? கள்ளன்னா ஒரு செவப்புத் துண்டு வேண்டாமா? வெறுந்தலையோட ஓடினா இதுக எல்லாம் முறத்துலயே தலையை வச்சுத் தூங்கிரும்."

பெண்கள் சிரித்தார்கள். கமலாக்ஷி சிரிக்கவில்லை.

"இந்தத் துண்டும் காளையும் எத்தனை வருஷமா உண்டு?"

"வாசிக்க உட்கார்ந்த நாள் முதல் உண்டு. நம்ம கள்ளனுக்கு அதுதான் யூனிபாரம்."

"வெங்கிட்டு சாமியைக் கொன்ன சேதியையும் நீங்கதானே வாசிச்சேள்?"

"பின்னே? களமே அழுதுதே. மழைக்கு ஒதுங்கின சுமட்டுக்காரங்களும் அழுதாங்க. முப்பிடாதி அந்தத் தூண்கிட்ட…" சொல்லிக்கொண்டே வந்த நாணு நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். யாரோடு பேசுகிறோம், எதைப் பேசுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கும் துண்டும் காளையும் வச்சேளா?"

"வச்சேன்" என்றார் நாணு, மெதுவாக.

"போலீஸ் இங்கே வந்து விசாரிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இதற்குப் பேச்சியம்மாள் பதில் சொன்னாள். "பின்னாடிதான் பாப்பா. ரெண்டு மூணு நாள் கழிச்சு." சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்? என்ன?"

"பேச்சியம்மா, அந்த மழைச் சத்தத்துல அவன் மூச்சு உங்களுக்கு எப்படிக் கேட்டுது?"

பேச்சியம்மாள் தலைக்கு மேலே இருந்த தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். "செவப்பு எனக்கு இப்பவும் தெரியுதே பாப்பா. கண்ணை மூடினாத் தெரியுதே" என்று அழ ஆரம்பித்தாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. மழையில் ஒருவன் ஓடியதைப் பார்த்தாள். நாணு அவனுக்குத் துண்டு கட்டிவிட்டார். பிறகு அந்தத் துண்டையும் தானே பார்த்ததாகப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். முப்பிடாதிக்கும் அதே கதைதான்.

"துண்டைக் கண்டோம்னு இவங்க போலீஸ்ல சொன்னதைக் கேட்டப்போ," என்றார் நாணு, யாரையும் பார்க்காமல், "நான் என்ன நினைச்சேன் தெரியுமா மோளே? நான் சும்மா சொன்னது பலிச்சுப் போச்சேன்னு நினைச்சேன். பெருமையா இருந்தது."

அவரைத் திட்டுவதற்குக் கமலாக்ஷிக்கு வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது? நாணு கதை சொன்னார், அது அவர் குணம். பேச்சியம்மாள் நம்பினாள், அது அவள் வெள்ளை மனசு. மனுஷர்களின் வாக்குமூலத்தை நிறுத்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தி இதே ஊரில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாளே, அவளை என்ன செய்வது? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயசில் பாட்டு மாதிரி ஒப்பித்திருக்கிறாள். விசாரிக்கவில்லை. விசாரித்தால் கையில் இருக்கிற ஒரே பெயரும் போய்விடுமோ என்று பயந்துதான் விசாரிக்கவில்லை. அது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காருகிற ஜாதி இல்லை கமலாக்ஷி. மறுநாள் காலையிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் நின்று, பெட்டிஷனை நாலாகக் கிழித்தாள்.

"உங்ககிட்ட இருக்கறது ரெண்டு சாட்சி இல்லே. ஒண்ணுகூட இல்லே. ரெண்டு பேரும் பேப்பர் வாசிச்சதைக் கேட்டிருக்கா, அதுவும் பேப்பர்ல இல்லாததைக் கேட்டிருக்கா. நெஜமாப் பார்த்ததைச் சொன்ன ஒரே ஆளை முடக்குன்னு ஒதுக்கி வச்சோம். நீங்க திரும்பவும் செல்லதுரையைத் தொட்டா, நான் அவர் பக்கத்து சாட்சியா வந்து இதை முழுக்கச் சொல்லுவேன்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ கொன்னது ஆரு மேடம்?"

"தெரியாது. தெரியாதுன்னே எழுதி வையுங்கோ. காலியா இருக்கேன்னு ஒரு மனுஷன் பேரைப் போட்டு அடைக்கறதுக்கு அது என்ன பானை ஓட்டையா?"

அவர் பைலை மூடினார். போலீஸைச் சமாளித்தாயிற்று. அம்மாவைச் சமாளிக்க வேண்டுமே. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்கு முதல்முறையாகத் தைரியம் குறைந்தது.

சீதாலக்ஷ்மி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். இஸ்மாயில் அடுப்பில் பால் பொங்கினதையும், நாணு கறி வைத்ததையும், பேச்சியம்மாள் தகரத்தை அண்ணாந்து பார்த்ததையும். கேட்டு முடித்துத் தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ பன்னண்டு வருஷமா நான் யாரைச் சபிச்சேன்?"

"செல்லதுரையைத்தான் அம்மா."

"தெனம் சபிச்சேனே."

"ஆமாம்."

"அவனுக்குப் பெண்டாட்டி குழந்தைகள் உண்டோ?"

"உண்டு."

சீதாலக்ஷ்மி எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று கமலாக்ஷி நினைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு, குடையோடு வந்து நின்றாள். "வா. அவன் எங்கே கப்பை விக்கறான்னு காட்டு. நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது."

ஜெட்டியில் வைப்பின் போட் வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லதுரை படிக்கட்டு ஓரத்தில் கப்பைக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பாதி மண்டை வழுக்கை. இடது தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, போலீஸ் செய்த உபகாரம். இரண்டு பெண்களையும் பார்த்ததும் பதறி எழுந்தான். ஓடலாமா நிற்கலாமா என்று அவன் கால் யோசித்தது நன்றாகவே தெரிந்தது.

"உக்காரு செல்லதுரை" என்றாள் சீதாலக்ஷ்மி. "நான் உன்னை வையறதுக்கு வரலே. பேச்சியம்மா, முப்பிடாதி, கடைக்கார இஸ்மாயில் எல்லார்கிட்டயும் கேட்டு, நீ பண்ணலேன்னு என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. போலீஸ்லயும் போய்ச் சொல்லிட்டா. பன்னண்டு வருஷமா உன் கை அழுகணும்னு தெனம் விளக்குக்கு முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன். தப்பு. என் தப்பு. பகவதிகிட்ட அப்புறம் சொல்லிக்கறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

செல்லதுரை சிரிக்கப் போனானோ அழப் போனானோ, இரண்டும் வரவில்லை.

"நான் செய்யலங்கறது எனக்கு அன்னைக்கே தெரியுமே அம்மா" என்றான். பிறகு கமலாக்ஷி பக்கம் திரும்பினான். "அப்ப சாமியைக் கொன்னவன் யாருன்னு தெரிஞ்சிருச்சா பாப்பா?"

"இல்லே. தெரியலே."

அந்த மனுஷன் முகம் அப்போதுதான் வாடியது. தன் பழி நீங்கியது என்ற சேதிக்கு மலராத முகம், இதற்கு வாடியது. கமலாக்ஷிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"அப்ப ஏன் பாப்பா நிறுத்திட்டீங்க?" என்றான். "எல்லார்கிட்டயும் கேட்டிருக்கீங்க. பேச்சியம்மாகிட்ட கேட்டீங்க, முப்பிடாதிகிட்ட கேட்டீங்க, கடைக்கார பாய்கிட்ட கேட்டீங்க. அன்னைக்குச் சாயங்காலம் மழை பிடிக்கிறவரைக்கும் அந்தக் குடோனுக்குள்ளயே இருந்தவன் நான் ஒருத்தன்தான். போலீஸ் வச்சு வச்சு அடிச்சாங்க. நீ செஞ்சியான்னு கேட்டாங்க. ஏன் செஞ்சேன்னு கேட்டாங்க. எதால அடிச்சேன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறந்து இன்னொருத்தரைப் பத்திச் சொல்ல வந்தா, பழியைத் தள்ளிவிடறியான்னு அதுக்கும் அடிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும், செல்லதுரை, நீ என்னலே பார்த்தேன்னு என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல பாப்பா."

மூன்று சாட்சி, மூன்று சாட்சி என்று இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறாள். நான்காவது ஆள் போட் ஏறி இறங்கி, தினமும் அவள் ஆபீஸ் போகிற வழியில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போயிருக்கிறாள். அழுதுகொண்டு நின்றால் கேட்க முடியாது. கேட்பதுதான் அவள் வேலை, அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கப்பைக் கூடையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஈரப் படிக்கட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கேக்கறேன். முதல்லேர்ந்து சொல்லுங்கோ. குறுக்கே பேசமாட்டேன்."

சீதாலக்ஷ்மி அதற்கு முன்பே குடையை மடக்கிவிட்டு மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.